ஐம்பது நாள், முப்பது பதிவு

திங்கள், 4

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் பக்கமிருந்து சாம்பல் காற்று. லாரி எடைமேடையில் என் ஜன்னல் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாயிற்று.

செய்ய வேண்டியது: பிரிண்டர் ரிப்பன். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. ஃபோரம் செட்டிங்ஸ்.

டிரெய்லர் லாரி ஓட்டுநர்கள் ரோடு நிலவரம் எழுதும் இணைய ஃபோரம். அண்ணன் ஆரம்பித்தது. துபாய் போகும்போது பாஸ்வேர்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். எல்லோரும் இன்னும் "அட்மின் அண்ணே" என்றுதான் எழுதுகிறார்கள். நானும் திருத்தவில்லை. பெண் பிள்ளை சொன்னால் கேட்பார்களா என்கிற பயம், வேறென்ன.

போன வாரம் எவனோ புது ஐ.டி.யில் வந்து "துறைமுக கேட் மூடியாச்சு" என்று புளுகினான். பாதி வண்டி திரும்பிப் போய்விட்டது. அதனால் இன்று கறார். புது ஐ.டி. என்றால் ஐம்பது நாள், முப்பது பதிவு. அதுவரை எழுதுவதெல்லாம் நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். பழைய ஐ.டி. எழுதினால் உடனே வரும்.

அப்பாடா. மாத்திரை மறந்துபோச்சு.

புதன், 6

4417 என்ற ஐ.டி. பாஷா பாயுடையது. இங்கே எல்லோரும் வண்டி நம்பரைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். நிதானமான மனிதர், ஒரு வார்த்தை அதிகம் எழுத மாட்டார். இரண்டு நாளாக அதில் ஒரே கெட்ட வார்த்தை. என்ன ஆச்சு இவருக்கு?

மதியம் ஆளே ஜன்னலுக்கு வந்தார். வேறு வண்டியில்.

"வண்டி மாத்திட்டாங்க தங்கச்சி. ஓனரு மச்சான் அதுல ஏறிக்கினான். போனு வண்டியோடது, ஐ.டி.யும் அவன்கிட்ட பூட்ச்சு."

"அப்ப நீங்க?"

"புச்சா ஒண்ணு போட்டேன். இன்னா எயுதுனாலும் காத்துகினு இருன்றான் அந்த அட்மினு. நாலு வருசமா உண்மைய சொன்னது நானா, வண்டியா?"

எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். நான்தான் அது என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன். கோழை.

செட்டிங்ஸை நாளைக்குப் பார்க்கலாம்.

வெள்ளி, 8

தூறல். பிரிண்டரில் பேப்பர் சிக்கி ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டு. பதினொன்றரைக்குத்தான் ஃபோரத்தைத் திறந்தேன்.

என் ஒப்புதலுக்குக் காத்திருந்தது, பாஷா பாயின் புது ஐ.டி., 10.15: "காட்டுப்பள்ளி ரோடு வளைவுல ஆயில் கொட்டிக்கீது. மெதுவா வாங்க."

ஒப்புதல் தேவைப்படாமல் வெளியே வந்திருந்தது, 4417, 10.20: "ரூட் கிளியர். மிதிச்சிகினு வா."

ஃபோரத்தில் இருக்கும் சேவியரின் வண்டி பதினோரு மணிக்கு அந்த வளைவில் வழுக்கிப் பள்ளத்தில். கால் முறிவு.

நாளைக்கு என்று தள்ளியவள் நான்.

சனி, 9

ஆஸ்பத்திரி. சேவியர் எங்கள் தெரு, ராயபுரம். மாவுக்கட்டு தொடை வரை.

"ஃபோரத்துல கிளியர்னு போட்டிருந்தான் ஸ்டெல்லா. 4417 ஆச்சே, பாஷா பாய் பொய் சொல்ல மாட்டாருன்னு வந்தேன்."

ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

ஞாயிறு, 10

சர்ச் பூசையில் மனசு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்.

- 4417 முடக்கம்.
- இனி வண்டி நம்பர் கிடையாது. அவரவர் பெயர்.
- பாஷா பாயின் புது ஐ.டி.க்கு ஐம்பது நாள் காத்திராமல் நானே உச்ச லெவல். மற்றவர்கள் பதிவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரமும். மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை.

அவரவர் பெயர் என்றால் எனக்கும்தானே? புது ஐ.டி. போட்டேன்: ஸ்டெல்லா. எழுதினேன்: "எடைமேடை ஜன்னலில் உட்காருகிறவள். அட்மின் நான்தான். வெள்ளிக்கிழமை பாஷா பாய் எழுதியது உண்மை. அதை வெளியே விடாமல் வைத்திருந்தது நான்."

திரையில்: உங்கள் பதிவு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

அட்மின் ஐ.டி.யில் போய் நானே ஒப்புதல் கொடுத்துவிடலாம். கொடுக்கவில்லை. பாஷா பாய் கொடுக்கட்டும்.

திங்கள், 11

வெயில். டீக்கு முன்னாலேயே பத்துத் தடவை பார்த்தாயிற்று. இன்னும் காத்திருக்கிறது.

மூன்று மணிக்கு பாஷா பாய் வண்டி மேடையேறியது. இறங்கி வந்தார். கையில் போன்.

"நீயா அது?"

"நான்தான் பாய்."

"சேவியர பாத்தியா?"

"பாத்தேன்."

சீட்டை வாங்கி, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டிப் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"அம்பது நாளு ஆவட்டும் தங்கச்சி. அப்பால பாக்கலாம்."

சிரித்தாரா என்று தெரியவில்லை. பின்னால் ஹாரன். அடுத்த வண்டி.