சந்தையில் பொறுக்கிய தாள்கள்

என் அன்புக்குரிய உதுமான் காக்கா,

நீங்கள் மௌத்தாகி ஏழு மாதம். கல்முனைச் சந்தைப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். உங்கள் கடை பூட்டித்தான் கிடக்கிறது.

உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு நான் வரவில்லை. எங்கள் ஆட்கள் உங்கள் தெருவுக்கும், உங்கள் ஆட்கள் எங்கள் தெருவுக்கும் வரப் பயந்த கலவரக் கிழமை அது. பயத்தில்தான் போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஐந்து வருடம் உங்களோடு கதைக்காமல் இருந்தவன் எந்த முகத்தோடு வருவது? அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முன்னர் பள்ளிக்கூடம் விட்டால் என் கால் உங்கள் கடைக்குத்தானே வரும். "கணக்குப் படிப்பிக்கிற ஆள் நீங்க. ஒண்டும் ஒண்டும் ஒண்டும் மூண்டுதானே? உங்கட கோயில்ல மட்டும் பிதா, சுதன், ஆவி மூண்டும் எப்பிடித் தம்பி ஒண்டாகுது?" என்பீர்கள். "கூட்டாதீங்க காக்கா, பெருக்கிப் பாருங்க" என்பேன். சிரித்துக்கொண்டே தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்புவீர்கள்.

அதோடு நின்றிருக்கலாம். சபையில் பிரசங்கம் பண்ணுகிறவன் என்ற பெருமை என்னை விடவில்லை. நாங்கள் இயேசு என்கிற ஈஸா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை என்று உங்கள் குர்ஆன் சொல்வதை மறுத்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். அரபு வசனத்தையும் போட்டால் பெரிய படிப்பாளி போல இருக்கும் என்று நினைத்தேன். எழுதித் தரும்படி உங்களிடமே கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. நீங்கள் வேலையை வைத்துவிட்டுப் போய் முகம் கை கால் கழுவி ஒழுச் செய்து வந்து, அழகாக எழுதித் தந்தீர்கள். "தம்பி நம்மட வேதத்தையும் விளங்கப் பாக்கிறாரு" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சந்தோசமாகச் சொன்னீர்கள். அந்தக் கையெழுத்தைத்தான் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் அச்சுக்கட்டை செய்வித்து, என் மறுப்புக்கு மேலே போட்டேன்.

சந்தையில் தாள்களைக் கொடுத்து முடித்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. மீன் சுற்றுகிறவர்களும் வெற்றிலை மடிக்கிறவர்களும் அவற்றைத்தான் எடுத்தார்கள். மிச்சம் சேற்றில் கிடந்தது. திரும்பி வந்தபோது உங்கள் பை நிறைய என் தாள்கள். கையில் இருந்தவர்களிடமும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

கோபத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. "பதில் சொல்ல ஏலாட்டிக் களவா எடுக்கிறதா? கள்ளன்" என்று சந்தை கேட்கக் கத்தினேன். உங்கள் மகனும் பக்கத்தில் நின்றார். "வாங்க தம்பி, கடையில இருந்து கதைப்பம்" என்றீர்கள். நான் போய்விட்டேன். அந்த வருசம் பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய வட்டிலப்பத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பினேன். அது திரும்பி வந்தபோது, தம்பி வாங்கவில்லை என்று நீங்களா வீட்டில் சொன்னீர்கள்? என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்களுக்காக மதினி வெளியாரைப் பார்க்காமல் இருந்த இத்தாக் காலம் முடிந்தும் இரண்டு மாதம் தயங்கி, போன கிழமைதான் உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைத்தார். ஏசவில்லை.

"அரபெழுத்து காலில படக்கூடாது எண்டுதான் பொறுக்கினாரு. கழுவிக் காயவெச்சு, பள்ளிவாசல் மையவாடி மூலையில குழி தோண்டித் தாட்டாரு. அரபு கிடக்கிற துண்ட மட்டும் வெட்டி எடுங்களன், மத்தது அந்த வாத்தியார்ர கதைதானே எண்டு நான் சொன்னன். 'அதுக்குள்ளயும் ஈஸா நபிட பேரு கிடக்கு புள்ள, அத எங்க எறியிற?' எண்டாரு. முழுசாத்தான் தாட்டாரு."

வாசலிலேயே அழுதேன் காக்கா. என் ஆண்டவருடைய பேரைச் சேற்றில் போட்டவன் நான். குனிந்து எடுத்தவர் நீங்கள்.

சிலுவையை நான் இன்னும் நம்புகிறேன். இல்லை என்று எழுதினால் நீங்களே "தம்பி பொய் சொல்றாரு" என்பீர்கள். அதில் நமக்குள் தீராத கதை தீராமலே இருக்கட்டும். ஆனால் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று என் வேதத்தில் இருக்கிறது. அதை எத்தனை தரம் பிரசங்கித்திருப்பேன். ஐந்து வருடமாகச் சபையில் இராப்போசன அப்பத்தையும் ரசத்தையும் கூசாமல் வாங்கினேன்.

சபையில் அந்தப் பிரசுரத்தைத் திரும்ப அச்சடிக்கக் கேட்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் வரும் ஞாயிறு எல்லோர் முன்னும் சொல்வேன்.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, சனம் நிறைந்த நேரம் பார்த்துச் சந்தைக்கு வருவேன். உங்கள் மகன் இப்போது அங்கேதான் துணி விற்கிறார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். அவருக்கு முன்னால் நின்று, உங்கட வாப்பா கள்ளன் இல்லை, நான் சொன்னது பொய் என்று அன்று கத்திய அதே சத்தத்தில் சொல்வேன். அவர் மன்னிக்கும்வரை இராப்போசனத்துக்குக் கை நீட்ட மாட்டேன். மன்னிக்காவிட்டாலும் சொல்வேன்.

நீங்கள் உயிரோடு இருந்து கூப்பிட்டபோது, சந்தையில் நாலு கடை தள்ளி நடந்து வர முடியாமல் போன
உங்கள் தம்பி,
ஞானராசா