ஹேமநாத் பேருல போட்ட ஊசி

ஆரணி
24-11-2021

தம்பி ஹேமநாத்துக்கு,

சென்னை லாட்ஜ்ல நீ சௌக்கியமா இருப்பேன்னு நினைக்கிறேன். நாங்க சௌக்கியமா இல்ல. போன் போட்டா எடுக்க மாட்டேங்கற, அதான் கடுதாசி.

உங்க அண்ணி அபிதாவுக்கு வயித்துல கட்டின்னு சொன்னேனே, டிசம்பர் ஆறாந்தேதி வேலூர்ல ஆபரேஷன். கூட இருக்கறவங்க ரெண்டு கொரோனா ஊசி போட்ட சர்ட்டிபிகேட் காட்டணுமாம். இல்லன்னா வாசலோட சரி. கொடுமையைப் பாரு, ரெண்டு ஊசியும் போட்டுகினு கை வீங்கிப் படுத்தவன் நான். சர்ட்டிபிகேட் உன் போன்ல இருக்குது.

நெசவாளர் கார்டு உன் பேருல, உன் போன் நம்பர்ல, நெய்யறது நான். சொசைட்டியில கூலிக்கு ‘ஹேமநாத்’னு கூப்பிட்டா இத்தனை வருஷமா நான்தானே எழுந்து போறேன்? ஊசி கேம்ப்பையும் அதே சொசைட்டியில, அதே கார்டுங்களை வெச்சுதான் நடத்துனாங்க. ‘ஹேமநாத்’னு கூப்பிட்டாங்க, பழக்கத்துல போய் கையை நீட்டிட்டேன். ரெண்டாவது தடவையும் அப்படியே. ஆஸ்பத்திரியில கேக்கற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல.

சர்ட்டிபிகேட் இல்லாதவனை மார்க்கெட்டுக்குள்ள விடாதீங்கன்னு டீக்கடையில கத்துனவன் நான். இப்ப டீக்கடை அன்புச்செல்வன் என்னைப் பாத்து வாயைப் பொத்திகினு சிரிக்கிறான்.

சுகாதார ஆபீஸ்ல என் பேருக்கு மாத்தித் தர்றேன்றாங்க. உன் போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னா போதும். புதுசா என் பேருல போட்டா ரெண்டாவது ஊசிக்கு மூணு மாசம் ஆவுமாம். ஜல்தியா பதில் போடு.

உன் அண்ணன்,
பரசுராமன்


சென்னை
28-11-2021

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம்.

இதைப் போன்ல பேசினா ரெக்கார்டு ஆகும்னு ஏஜென்ட் பயமுறுத்தறார். படிச்சதும் கிழிச்சுடுங்க.

அந்த சர்ட்டிபிகேட்டை வெச்சுத்தான் மஸ்கட் வேலையே கிடைச்சிருக்கு. பதினாலாம் தேதி பிளைட். இப்ப மாத்தினா ஏர்போர்ட்டுல ஸ்கேன் பண்ணும்போது மாட்டிக்குவேன். நான் ஊசி போட்டுக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். நம்ம உடம்புக்குள்ள என்ன போகணும்னு கவர்மெண்ட் யாரு சொல்றதுக்கு? பேரு, ரேகை, ஊசி எல்லாத்தையும் ஒரு போனுக்குள்ள கட்டி, வாசலுக்கு வாசல் காட்டுன்னா அது அடிமைத்தனம்னு அப்பவே சொன்னேன். நீங்கதான் என்னைக் கிறுக்கன்னீங்க.

ஆபரேஷனைப் பதினஞ்சுக்கு மேல தள்ளி வைக்கச் சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்க அண்ணா. அண்ணியைக் கேட்டதா சொல்லுங்க.

அன்புத் தம்பி,
ஹேமநாத்


ஆரணி
1-12-2021

டேய் ஹேமநாத்,

ஊருக்குத்தான் உபதேசமா? அடிமைத்தனம்னு சொன்ன அதே சீட்டைக் காட்டிகினு பிளேன் ஏறப் போற. உன் கொள்கைக்கு என் கையில ஊசியா? ஊசி வேணாம்னு சொல்ற உரிமை உனக்கு இருக்குதுன்னே வெச்சுக்கறேன். என் பொண்டாட்டி பக்கத்துல உக்கார்ற உரிமை எனக்கு இல்லையா?

தள்ளி வைக்கணுமாம். வயித்துல இருக்கறது கட்டிடா. டாக்டர் ஏற்கெனவே லேட்டுன்றாரு.

பக்கத்து வீட்டு ராதிகா ரெண்டு நாள் இருக்கேன்னு சொல்லியிருக்கா. அதுக்கு மேல அவளால முடியாது, கைக்குழந்தைக்காரி. அபிதா கண்ணமங்கலம் தாண்டித் தனியா போனதே இல்ல. ‘நீங்க இல்லாம நான் உள்ள போகமாட்டேன்’னு அழுதுகினு இருக்கா. உனக்கு டைபாய்டு வந்தப்ப ஒரு மாசம் கஞ்சி ஊத்தினவ அவ.

உன் கால்ல விழுறேன்டா. அண்ணன் தம்பி கால்ல விழுந்தான்னு ஊரே சிரிக்கட்டும். அந்த நம்பரை மட்டும் சொல்லு.

பரசுராமன்


மஸ்கட்
9-1-2022

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியா வந்து சேந்துட்டேன். குடோன்ல கணக்கு வேலை. லீவுல ஊருக்கு வர்ற நம்ம மாணிக்கவேல் கையில இந்தக் கடுதாசியும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பறேன்.

உங்க ரெண்டாவது கடுதாசியைப் படிச்சு ராவெல்லாம் அழுதேன். ஏஜென்ட்தான் விடல. இங்க வந்து ரெண்டு தடவை போன் போட்டேன், நீங்க எடுக்கல. கோவம் இருக்கும். அண்ணி இந்நேரம் தேறி, அடுப்படிக்கு வந்திருப்பாங்க.

கம்பெனியில இன்னும் என் ஐடி கார்டு வரல. ரெண்டு வாரம் பொறுங்க. கார்டு கைக்கு வந்ததும் முதல் வேலை உங்களுக்கு ஓடிபி சொல்றதுதான், சத்தியம். இங்க எந்தக் கடைக்குள்ள போனாலும் போனைக் காட்டணும். முதல்ல எரிச்சலா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு.

அண்ணியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க.

அன்புத் தம்பி,
ஹேமநாத்


ஆரணி
25-1-2022

ஹேமநாத்துக்கு,

அபிதா டிசம்பர் பதினோராந்தேதி போய்ட்டா. நீ பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே. உனக்குச் சொல்ல வேணாம்னு சொந்தக்காரங்க எல்லாரையும் தடுத்தது நான்தான். சொல்லியும் நீ வராம இருந்தா அதை என்னால தாங்கியிருக்க முடியாது.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஜுரம் விடல. ராதிகா ரெண்டு நாள் இருந்துட்டு ஊருக்குத் திரும்பினதுல இருந்து அபிதா தனியாத்தான் கெடந்தா. நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர பிளாட்பாரத்துல உக்காந்துகினு இருந்தேன். ஊசி போட்டவன் நான்தாம்பான்னு செக்யூரிட்டிகிட்ட தினம் கெஞ்சினேன். அவன் நல்லவன்தான். என் ஆதார் நம்பரைத் தட்டிப் பாத்துட்டு, ‘உங்களுக்கு ஒரு ஊசிகூட காட்டலையேய்யா’ன்னான். கடைசி வரைக்கும் ‘அவரு வந்துட்டாரா’ன்னு கேட்டுகினே இருந்தாளாம். நர்சம்மா சொன்னாங்க. உள்ள விட்டது எல்லாம் முடிஞ்ச பிறகுதான். பொணத்தை வாங்கறதுக்கு சர்ட்டிபிகேட் கேக்கல.

ஓடிபி வேணாம். அந்த ரெண்டு ஊசியையும் நீயே வெச்சுக்கோ. உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன், பயப்படாத. பேரீச்சம்பழத்தை மாணிக்கவேல்கிட்டயே திருப்பிட்டேன். இந்தக் கடுதாசியும் அவன் கையிலதான் வருது.

நேத்து ரேஷன் கார்டுல அபிதா பேரை எடுக்க தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு, ‘வேற யார் பேராவது எடுக்கணுமாங்க?’ன்னு கேட்டுது. உன் பேரைச் சொன்னேன். ‘அவரும் இறந்துட்டாருங்களா?’ன்னு கேட்டுது. இல்லம்மா, வெளிநாட்டுல நல்லா இருக்கான், எடுத்துடுன்னேன்.

கார்டுல இப்ப நான் ஒருத்தன்தான்.

பரசுராமன்