அம்மாவுக்குச் செய்த குளிர்ச்சி

புதுச்சேரி

அன்புள்ள செம்மலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே வெயில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது, மற்றவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. லியோனில் நீயும் ஹேமலதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை சிகிச்சை நடக்கவில்லை. போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். நுரையீரல் கட்டியை அறுத்தெடுக்க அவள் இதயம் தாங்காது, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியை விட்டு, அதன் முனைச் சூட்டில் கட்டியைக் கருக்கிவிடலாம் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அதை ராஜாம்பாள் பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வில்லியனூரிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அவளுக்கு ஏற்கெனவே சூட்டு ஒடம்பு, அதுல நெருப்ப வேற வெக்கப் போறாங்களாம், மொதல்ல குளிர்ச்சி பண்ணாம என்னா பண்றீங்க என்று என்னைப் பிடித்துக்கொண்டார். இளநீர், நுங்கு, ஊறவைத்த வெந்தயம், தயிர்ச்சோறு. கடைசியாகத் தலைக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார். நீங்கள் தடுக்கவில்லையா என்று கேட்பாய். நுங்கு வாங்கி வந்ததே நான்தான்.

அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஸ்கேன் மேஜையில் அசையாமல் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும், ஊசி உள்ளே இருக்கையில் இருமினால் ஆபத்து என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டி இப்போது சிறிய நெல்லிக்காய் அளவு. இன்னும் பெருத்தால் சூடு அதன் ஓரம் வரை எட்டாதாம், இருமலைச் சீக்கிரம் நிறுத்துங்கள் என்றார். கட்டிக்கு உறவுக்காரர்களின் தொந்தரவு இல்லை, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரியம்மா ஒரே அழுகை. என்னை எப்பிடியும் ஒருநாள் சுடத்தானக்கா போறாங்க, அதுக்கு ஏன் ரெண்டு தடவ அழுவுற என்று அம்மா சிரித்தாள், உடனே இருமினாள்.

மாத்திரையிலும் வெந்நீரிலும் இருமல் பாதி அடங்கியிருக்கிறது. மத்தியானங்களில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துப் பழகுகிறாள். எதிரே உட்கார்ந்து பிடி, விடு என்று சொல்வது என் வேலை. அவள் பிடிக்கும்போது நானும் பிடித்துக்கொள்கிறேன். சில சமயம் விடு என்று சொல்ல மறந்துவிடுகிறது. அவள்தான் என் முழங்காலைத் தட்டி, விடுங்க என்கிறாள்.

பெரியம்மா போனில் வந்தால் கோபித்துக்கொள்ளாதே, குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், இருவரும் குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். உன்னை வரச் சொல்லி எழுதக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். வா.

உன் அப்பா,
ராமதாஸ்