நன்றி சொன்னதாகச் சொன்னேன்

பிப்ரவரி 6, செவ்வாய்

மறுபடி பனி. தெற்குக் குன்றுப் பக்கம் நான்கு பேருந்துத் தடங்களை நிறுத்தி, மூன்றைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டேன். பள்ளிப் பேருந்து பத்து நிமிடம் பிந்தினால் ஸ்போகேன் முழுக்க என்னைத்தான் திட்டும். மதியத்துக்குள் காது சூடாகிவிட்டது. அதற்கு நடுவில் யூட்டாவிலிருந்து ஓர் அழைப்பு. ஷானா. வழிதவறும் பிள்ளைகளைத் திருத்தும் பண்ணையில் பெற்றோர்களோடு பேசுவது அவள் வேலை. அங்கே இருக்கும் என் மகள் மேரனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. பிள்ளையை அங்கே சேர்க்க யோசிக்கும் புதுப் பெற்றோர்களிடம் என்னால் பேச முடியுமா என்று கேட்டாள்.

“நீங்க உறுதியான அம்மா, க்வென். உங்கள மாதிரி ஒருத்தங்க சொன்னா அவங்களுக்குத் தைரியம் வரும்.”

சரி என்றேன். உறுதியான அம்மா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லை மிட்டாய் போல வாயில் உருட்டிக்கொண்டே வந்தேன்.

மேரன் போய் ஏழு வாரம். பள்ளிக்கு மட்டம், மேசை இழுப்பறையில் கஞ்சா, இரண்டு நாள் சொல்லாமல் சிநேகிதி வீட்டில். பதினைந்து வயதுக்கு அது எவ்வளவு பெரிய குற்றம்? இப்போது எழுதிப் பார்த்தால் ஒரு வரிதான் வருகிறது.


பிப்ரவரி 11, ஞாயிறு

மேரனோடு தொலைபேசியில் பேச வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம். ஷானாவும் இணைப்பில் இருப்பாள். என் மடியில் பெற்றோர் கையேடு, பதினோராம் பக்கம்: ‘பிள்ளை உங்கள் இரக்கத்தைத் தூண்டப் பார்க்கும். அது நாடகம். அதற்கு மேடை தராதீர்கள்.’

மேரன் எடுத்த எடுப்பில், “அம்மா, ஒம்பது நாளா என்னை யார்கூடவும் பேச விடல. பேசினா நாளக் கூட்டுறாங்க. நான் சும்மா—”

“நாடகம் வேண்டாம், மேரன். உன் முன்னேற்றத்தப் பத்திச் சொல்லு.”

என் குரல் ஆடவேயில்லை. பிறகு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல, “என் செயல்களுக்கு நான் பொறுப்பேத்துக்கிறேன், அம்மா.”

முடிந்ததும் ஷானா தனியாக அழைத்துப் பாராட்டினாள். ராய்ஸ் சோபாவில் குனிந்து உட்கார்ந்திருந்தான். “அவ குரல் சரியில்ல” என்றான்.

“பதினோராம் பக்கம் படி” என்றேன் என் கணவனிடம்.

“அந்தப் புத்தகத்தத் தூக்கி அடுப்புல போடு. நம்ம பொண்ணு அவ.”

டிசம்பரில் அவளைக் கூட்டிப்போக விடியற்காலை இரண்டு ஆட்கள் வந்தபோது, ‘நாங்கள் உன்னை நேசிக்கிறோம்’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. ராய்ஸால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் முடித்தேன். தெளிவாக.


பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று மேரனின் அழைப்பு இல்லை. “அவ இப்ப உள்நோக்கிப் பாக்குற கட்டத்துல இருக்கா” என்றாள் ஷானா. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் போனது. எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிடப் போவதில்லை.


பிப்ரவரி 21, புதன்

ஷானா எண் கொடுத்து, நெப்ராஸ்காவிலிருந்து ஜனெல் என்றொருத்தி பேசினாள். கணவன் இல்லை; பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை. மகள் பிரிட்டாவுக்குப் பதினான்கு. பத்தொன்பது வயதுப் பையனோடு ஓடிப் போனவளைப் பிடித்து வந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் பேசினோம். அவள் அழுதாள், நான் அழவில்லை. நன்றாகத்தான் பேசினேன் — அதுதான் எனக்கு வருமே.

கடைசியில் கேட்டாள்: “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பொண்ணு உங்கள வெறுக்கலயா?”

“வெறுக்கிறதா? நன்றி சொல்றா, ஜனெல். ஒவ்வொரு தடவையும்.”

மேரன் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் குரலைக் கேட்டே பத்து நாள் ஆகிறது. ஏன் சொன்னேன்? அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றா? இல்லை, என் காதால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளவா?


மார்ச் 1, வெள்ளி

ஜனெலின் செய்தி: ‘பிரிட்டாவ இன்னைக்குக் காலைல கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்களாலதான் முடிஞ்சுது.’ ஓர் இதயம் அனுப்பினேன்.


ஏப்ரல் 13, சனி. ஐடஹோ, நெடுஞ்சாலை விடுதி

எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

இன்று யூட்டாவில் பெற்றோர் சந்திப்பு நாள். நான்கு மணி நேரம் வெளியே கூட்டிப்போகலாம். பண்ணை வாசலில் மேரனைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்தேன். மெலிந்து, தலை குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. “வந்ததுக்கு நன்றி அம்மா, நன்றி அப்பா” என்றாள்.

ஊருக்குள் பான்கேக் கடைக்குப் போனோம். ராய்ஸ் கதவைத் திறந்து பிடித்தான், நான் உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் மேரன் வாசலிலேயே நிற்கிறாள். பின்னால் ஒரு குடும்பம் காத்து நிற்கிறது. இவள் தரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

“கடக்கலாமா?”

யாருக்கும் புரியவில்லை. மறுபடி, “கடக்கலாமா?” பரிமாறுகிற பெண், “உள்ள வா கண்ணு, இடம் இருக்கு” என்றாள். மேரன் அசையவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்ணையில் ஒவ்வொரு நிலைப்படியிலும் அப்படிக் கேட்க வேண்டுமாம். யாராவது ‘கட’ என்று சொன்னால்தான் கால் வைக்கலாமாம்.

ராய்ஸ் கதவை விட்டான். “போதும். வண்டில ஏறு, மேரன். வீட்டுக்குப் போறோம்.”

அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். “ராய்ஸ், இன்னும் இருபது வாரம் பாக்கி இருக்கு. ஷானாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு—”

அவள் முன்னால் சொன்னேன். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவிடம் மெதுவாக, “இது சோதனையா அப்பா? நான் வேண்டாம்னு சொல்லணுமா?”

ராய்ஸ் அந்தக் கடை வாசலிலேயே உடைந்து அழுதான். இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. என்னிடம், “நீ வரியா, இல்ல ஷானாகிட்ட கேட்டுட்டு வரியா?” என்றான்.

ஏறிக்கொண்டேன், பின்னிருக்கையில்.


ஏப்ரல் 19, வெள்ளி

குளியலறை வாசலில் கேட்கிறாள். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கக் கேட்கிறாள். ராய்ஸ் ஒவ்வொரு தடவையும் “இது உன் வீடும்மா” என்கிறான். அவன் வீட்டில் இல்லாதபோது “கட” என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருக்கிறாள்.


ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று அவளாகவே பேசினாள், ஆரஞ்சு உரித்துக்கொண்டே. வானிலை சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவள் என்னிடம் சொன்னது உண்மை. ஒன்பது நாள் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்களாம். வேறொரு பெண்ணிடம் எங்கள் தெருப் பெயரைச் சொல்லிவிட்டாளாம், அதற்கு. அன்று தொலைபேசியை வைத்த பிறகு—

“வீட்டுக்குப் புகார் சொன்னதுக்கு இன்னும் பத்தொம்பது நாள் குடுத்தாங்க. நீங்க நம்பியிருந்தாலும் குடுத்திருப்பாங்க. அதனால பரவால்லம்மா.”

பரவாயில்லையாம். எனக்குச் சமாதானம் சொல்கிறாள். நம்பியிருந்தால் மறுநாளே போய்க் கூட்டி வந்திருப்போம் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் ஒன்றுதான் என் நிம்மதியான ஞாயிறு.

பிறகு, பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து வைத்துவிட்டு, “மார்ச்ல ஒரு பொண்ணு வந்தா, பிரிட்டான்னு. என் பக்கத்துக் கட்டில். ஸ்போகேன்ல ஒரு அம்மா இருக்காங்களாம், அவங்க பொண்ணு ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்றாளாம். அதக் கேட்டுத்தான் அவ அம்மா சேர்த்தாங்களாம்.” நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. “நான் எப்பம்மா நன்றி சொன்னேன்?”

மறந்துபோனதைக் கேட்பது போலக் கேட்டாள். தான்தான் எங்கோ தவறவிட்டுவிட்டோமோ என்பது போல.

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவ ஒன்றுமில்லை.


மே 9, வியாழன்

ஜனெலின் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை.

ராய்ஸ்: “ஊர்ல ஓடுற பஸ்ஸ எல்லாம் திருப்பி விடுற. ஒரு போன் பண்ண வரலியா உனக்கு?”

வரவில்லை. அந்தக் குழந்தை இன்னும் பண்ணைக்குள்ளே இருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் விரல் வரவில்லை.


மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். மேரன் ஓர் அட்டை செய்து தட்டின் கீழே வைத்திருந்தாள். ‘என் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி, அம்மா.’

“இது... எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு அது வேணும்னு நினைச்சேன்.”


மே 13, திங்கள்

அலுவலக வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே பேசினேன். வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும்.

ஜனெல் எடுத்ததுமே, “நீங்க பேசுவீங்கன்னு ஷானா சொன்னாங்க. பாதியில பிள்ளையக் கூட்டிட்டுப் போனவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்களாமே.”

சுவர், பத்தொன்பது நாள், எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். “க்வென், உங்க பொண்ணு நாடகம் போட்டு உங்கள வளைச்சுட்டா. பதினோராம் பக்கத்தப் படிங்கன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?”

ஆமாம், நான்தான் சொன்னேன்.

“ஜனெல், நான் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். என் பொண்ணு எனக்கு நன்றி சொன்னதே இல்ல.”

“அப்ப எதுக்குங்க சொன்னீங்க?”

தெரியவில்லை என்றேன். தெரியும். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். மாலையில் அழைத்தால் மணியே போகவில்லை.


ஜூன் 3, திங்கள்

யூட்டாவில் இந்த மாதிரி இடங்களுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். என் பொய்யையும் சேர்த்து, என் பெயரிலேயே. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில்.


ஜூன் 19, புதன்

நெப்ராஸ்காவுக்கு நேரில் போவதாக முடிவு செய்தேன். மேரனைக் கூப்பிட்டேன்.

“நான் வரல. பொய் நீங்க சொன்னது.” சொல்லிவிட்டு உடனே பயந்து, “மன்னிச்சுக்கோங்க, நான் பொறுப்பேத்துக்—”

“வேண்டாம். நீ சொன்னது சரி.”

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் ‘கட’ சொல்லக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கில்லை.

“அவங்ககிட்ட என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க. பிரிட்டாவே அழுது சொன்னாலும் நாடகம்னுடுவாங்க. அதனால எதுவும் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவள வெளிய கூட்டிட்டுப் போய், ஏதாவது ஒரு வாசல்ல விட்டுட்டு, அவங்கள வாயத் திறக்காம நிக்கச் சொல்லுங்க.”


ஜூன் 22, சனி. கியர்னி, நெப்ராஸ்கா

இரண்டு நாள் ஓட்டினேன். ஜனெல் வீட்டு முன்னால் குழாயைப் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. உள்ளே கூப்பிடவில்லை, குழாயையும் கீழே வைக்கவில்லை.

“அன்னிக்குப் பொய் சொன்னீங்க. இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜமாக்கும்?”

“என்னை நம்ப வேண்டாம். உங்க பொண்ணயும் நம்ப வேண்டாம்.” மேரன் சொன்னதை அப்படியே சொன்னேன். வெளியே எங்காவது ஒரு வாசல். நீங்க பேசாமல் நில்லுங்க. அவ்வளவுதான்.

“அதுல என்ன தெரியும்?”

“பாத்தா தெரியும்.”

“இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தது என் பொண்ணுக்காகவா, உங்க மனசு ஆறவா?”

ரெண்டும்தான் என்றேன். அவள் குழாயைத் திருப்பிப் பிடித்தாள், என் செருப்பு நனைந்தது. வேண்டுமென்றே செய்தாளா, தெரியவில்லை. செய்திருந்தால் சரிதான்.


ஜூலை 7, ஞாயிறு

ஒன்றுமில்லை. தினமும் தொலைபேசியைப் பார்க்கிறேன்.


ஜூலை 30, செவ்வாய்

புதிய எண்ணிலிருந்து செய்தி. ஜனெல்:

‘ஐஸ்கிரீம் கடை வாசல்ல நாலு நிமிஷம் நின்னா. நான் பேசல. அவ கால் நடுங்குனத பாத்தேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இனி எனக்கு எழுதாதீங்க.’

எழுத மாட்டேன். மேரனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். “நாலு நிமிஷம் கம்மிதான்” என்றாள்.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாலை வீட்டுத் தொலைபேசியில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். நெப்ராஸ்கா எண். “மேரன் இருக்காளா?” யார் என்று நான் கேட்கவில்லை, மேலே போய்க் கொடுத்தேன். மேரன் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கொஞ்சம் வெளிய போறியாம்மா?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கீழே வந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம். பிறகு தாழ்ந்த குரல், பிறகு ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி சிரிப்பு. என்னைப் பற்றி இருக்கலாம். இருக்கட்டும். சமையலறை அவள் அறைக்கு நேர் கீழே; கவனித்தால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஓடவிட்டேன். பாதிதான் நிரம்பியிருந்தது.