ஐந்தாவது தடவை

786
சாய்ந்தமருது
12.03.1983

அன்பு மகள் றாஹிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் இருக்கிறோம், குவைத்தில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். முதலில் இதை வாசி, உன் மகன் பாவாவுக்கு இப்போது சுகம், நேற்றுச் சிரித்தான். மற்றதைப் பிறகு வாசி.

நீ போன நாளிலிருந்து அவன் சூப்பிப் போத்தலை வாயில் வைக்க விடவில்லை. பால்மாவைக் கரைத்துக் கரண்டியால் ஊற்றினாலும் வாந்தி. நாலாம் நாள் அழவும் பெலன் இல்லாமல் கிடந்தான், மருமகனும் கடலுக்குப் போனவர் கரைக்கு வரவில்லை. தாய்ப்பால் கொடுக்க வேறு ஆள் இல்லையா என்று டாக்டர் கேட்டார். உன் கூடப்பிறந்த காக்காவின் பெண்சாதி றம்ஸியா மூன்று மாதப் பிள்ளைக்காரி, ஆனாலும் நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய அந்தப் பிள்ளை நபீலாவைத்தானே பாவாவுக்கென்று பேசி வைத்திருக்கிறோம். பள்ளி மௌலவியிடம் ஓடினேன். வயிறு நிறைய ஐந்து தடவை குடித்தால் இரண்டும் பால்குடிச் சகோதரங்கள், பிறகு நிக்காஹ் ஆகாது, நாலு வரைக்கும் பயமில்லை என்றார். நாலோடு நிறுத்துவதென்று நானும் காக்காவும் முடிவெடுத்தோம். றம்ஸியாவிடம் கேட்கவில்லை, சொன்னோம்.

ஒவ்வொரு தடவையும் காக்கா கலண்டரில் கோடு போட்டான். நாலாவதோடு பாவா கண் திறந்துவிட்டான். பிறகு போத்தலைக் கொடுத்தால் தட்டிவிட்டு ஒரே அழுகை. நாங்கள் இருவரும் வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம் பசித்தால் குடிப்பான் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே அவளுக்கு அந்தச் சத்தத்துக்கே பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. வெளியே வந்து, என்ட ஒடம்பு என்ட சொல்லக் கேக்குதில்ல மாமா, நீங்க எண்ணிக்கிட்டு இரிங்க என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். காக்கா தடுக்கப் போனான், நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். நபீலா இனி அவனுக்குத் தங்கச்சி. உன்னைக் கேட்காமல் அந்தச் சம்பந்தத்தை முறித்தவன் நான், ஏசுவதானால் என்னை ஏசு, மதினியை ஒரு சொல் சொல்லாதே.

மகள், வாப்பா கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கிறேன். வீட்டு வேலைக்குப் பொம்பிளைகளுக்குத்தான் விசா என்றதும் உன்னை அனுப்பியவன் நான். எட்டு மாதப் பிள்ளை பால்மாவில் வளரும் என்று உம்மாவின் வாயை அடைத்தேன். உன் உடம்பைப் பற்றி நினைக்கவேயில்லை. அங்கே அந்த வீட்டுப் பிள்ளை அழும்போது நீ என்னம்மா செய்கிறாய்?

தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைக் காப்பான். திரும்பி வர வேணுமென்றாலும் எழுது. பதிலை உம்மாவுக்கு எழுது, வெட்கப்படாதே. அவவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொல்ல வேணும். இருந்தாலும் எழுது.

துஆவுடன் உன் வாப்பா,
மு. அபுல் ஹஸன்