பதினான்காம் எண் வீடு

பிப்ரவரி 3

பெரியவன் அம்மாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்திலும் கேட்டிருந்தேன், பதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை.

ஒரு செய்தி. நினைவிடம் ஆக்குவதற்கென்று ஒரு குழு அமைத்து, ஆற்றங்கரைச் சரிவை, சண்டை நடந்த நாளில் இருந்தபடியே திரும்ப அமைக்கிறார்கள். அன்று காலை பதினொரு மணிக்கு என்ன இருந்ததோ அது மட்டும்தான் இருக்க வேண்டுமாம். பிறகு வந்த யூகலிப்டஸ் தோப்பை முழுவதும் வெட்டுகிறார்கள். மின்கம்பங்களைப் பிடுங்குகிறார்கள். பதுங்குகுழிகளைப் பழைய ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். சோளம்கூட அன்று நின்ற உயரத்திலேயே நிற்க வேண்டும் என்று நாள் கணக்குப் பார்த்து விதைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம், அன்று நான் அலுவலகத்திலிருந்து காப்பாற்றிய நில அளவைப் படங்கள்தாம். அதனால் ஓய்வு பெற்றவனைத் தேடி வந்து அழைத்தார்கள். எனக்குப் பயம்தான். ஒரு வரப்பு தப்பினாலும் என் தலையில்தான் விடியும்.

மரம் வெட்டும் மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடுறீங்களே பெருசு, வெட்டுறதுக்கு முன்னாடி மரத்துக்கிட்ட கையெழுத்தும் வாங்கிருவீங்க போல!"

அன்று இடிந்த நான்கு வீடுகளையும் கட்டுகிறார்கள். பதினான்காம் எண், நம் வீடு, அதில் ஒன்று. கதவு நீலமா, பச்சையா? நீலம் என்றே நினைக்கிறேன். ஆனால் என் நினைவை நம்பி எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஏப்ரலில் திறப்பு. நீ வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். பேரனைப் பார்க்க இரண்டு மாதம் என்று போனவள், ஒன்பது வருடம் ஆகிறது. இதையும் குறையாகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நீ வைத்த பெயர்தான், அளவுகோல்


பிப்ரவரி 17

பெரியவன் அப்பாவுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படத்தை விரித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கதவு பச்சை. நீலம் உங்கள் அலுவலகக் கதவு. உங்களுக்கு அதுதான் நினைவிருக்கும்.

பதினொரு மணிக்கு அந்தப் பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. ஆட்களை ஏற்றிப் போகும் லாரி வருமென்று ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்றேன். கீழே மூன்று வீட்டுக்கும் வந்தது. நம் மேட்டுக்கு மட்டும் ஏறவில்லை. மத்தியானம் பின்பக்கக் கூரை விழுந்தது. மறுநாள் காலைவரை கட்டிலுக்கடியில் கிடந்தேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒன்று கேட்கிறேன். பதினொரு மணிக்கு அந்த வீட்டில் ஆள் இருந்தது என்று எழுதப் போகிறார்களா, இல்லை என்றா?

பெரியவன் அம்மா


மார்ச் 1

பெரியவன் அம்மாவுக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். இது ஐந்தாவது.

எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை அன்றைய வெளியேற்றப் பட்டியலை வைத்து முடிவு செய்கிறார்கள். அதில் பதினான்காம் எண்ணுக்கு நேரே, "ஆள் இல்லை. பூட்டியுள்ளது" என்றிருக்கிறது. குழுவின் பொறியாளர்ப் பெண் அதை என்னிடம் காட்டி, "ஐயா, இது உங்க கையெழுத்துதானே? அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

என் கையெழுத்துதான். ஒன்பதரைக்குள் பட்டியல் வேண்டும் என்றார்கள். நீ உன் அக்கா வீட்டுக்குப் போவதாகக் காலையில் சொல்லியிருந்தாய். போயிருப்பாய் என்று நினைத்தேன். வந்து பார்க்கக் கால் மணி நேர நடை. படங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வரவில்லை. லாரி வழி தவறியது என்று பிறகு ஊரே சொன்னபோது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லாரி வழி தவறவில்லை. நான் எழுதியதால்தான் அது மேட்டுக்கு வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் படிவம் நிரப்பியதுபோல் இருக்கிறது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை. நீ வந்தால் நேரில் சொல்வேன்.

அளவுகோல்


மார்ச் 12

பெரியவன் அப்பாவுக்கு,

பெரியவன் பிறந்த வாரம் அந்த லாரி ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். "உங்க வீட்டுக்காரரேதாம்மா ஆளில்லைன்னு எழுதிக் குடுத்தாரு. நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றார். "சரிண்ணே, நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவரே சொல்லுவாரு" என்று அனுப்பிவைத்தேன்.

இருபத்தொன்பது வருடம் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். நீங்கள் தொண்டையைச் செருமும்போதெல்லாம், இதோ சொல்லப் போகிறார் என்று நினைப்பேன். குடை எங்கே என்று கேட்பீர்கள். ஒருநாள் அதற்குமேல் முடியவில்லை. பேரனைச் சாக்காக வைத்துக் கிளம்பினேன். கோபம் என்று நினைக்காதீர்கள். கோபமாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு அங்கேயே இருந்திருப்பேன்.

என்னிடம் சொல்லிவிட்டீர்கள். அவர்களிடமும் சொல்லுங்கள். இன்னொன்று, "நீ வந்தால், நீ வந்தால்" என்று இனி எழுதாதீர்கள். அன்றைக்கும் வந்திருக்க வேண்டியவள் நானில்லை.

பெரியவன் அம்மா


மார்ச் 20, பகல் இரண்டு மணி

பெரியவன் அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை குழுவில் எழுந்து நின்று சொன்னேன். எழுதிக்கொண்டு போன தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். தெரிந்ததைச் சொன்னேன். தலைவர், "விடுங்க ஐயா, அதெல்லாம் பழைய கதை" என்றார். பொறியாளர்ப் பெண் விடவில்லை. "பழைய கதைக்காகத்தானே சார் இவ்வளவு மரத்தையும் வெட்டுறோம்?" என்று கேட்டாள். பட்டியலோடு ஒரு திருத்தக் குறிப்பை இணைத்து, "ஒருவர் இருந்தார். அவரை விட்டுவிட்டவன் நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கதவைப் பச்சை அடித்துப் பாதி திறந்து வைக்கப் போகிறார்கள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பெரியவன் குடியிருப்பின் கீழ்வாசலில், காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். "மேல போங்க சார், லிஃப்ட் ஓடுது" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். "இருங்கப்பா, எழுதித் தர்றேன், இதை மட்டும் குடுத்துட்டு வாங்க" என்றேன். "அம்மா திட்டுவாங்களோ?" என்று கேட்கிறார். தெரியவில்லை என்றேன்.

உன்னை அழைத்துப் போக வந்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு அல்ல. வீட்டுக்கு. வரமாட்டேன் என்றாலும் அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு சிரமப்படாதே, நானே சொல்லிவிடுகிறேன். நீ வராவிட்டால் ஐந்து மணிப் பேருந்தில் திரும்பிவிடுவேன் என்று எழுதியிருந்தேன்.

கீழே இருக்கும்,
பெரியவன் அப்பா