சனிக்கிழமை நடுக்கம்

ஆவணி 24, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

கிளினிக்கில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நான், இவர், நாத்தனார் மஞ்சுளா. நாலே பேர்.

எனக்கும் மஞ்சுளாவுக்கும் சர்க்கரை. வாரம் ஒரு ஊசி, ஊசி மருந்து மட்டும் ஆளுக்கு வேறு. நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். அவளுக்கு செமாகுளுடைடு: ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைவு, முதல் மாதம் குமட்டல். எனக்கு டிர்செபடைடு: பசியே இல்லை, ஏழு கிலோ குறைவு, மலச்சிக்கல். ஆளுக்கு ஆள் மாறுமாம்.

என் குறை: சனி சாயந்திரம் கை நடுக்கம், வியர்வை. அன்று பெருமாள் விரதம். ஊசியும் அன்றுதான், நல்ல நாளென்று பூஜை முடித்துப் போடுவேன். தன் ஊசிக்கு மாறச் சொல்கிறாள் மஞ்சுளா. இவர் விரதத்தை விடச் சொல்கிறார். ஊசியா விரதமா, ஒன்றை முடிவு பண்ணச் சொன்னார் டாக்டரம்மா.

"பெருமாளுக்கும் பட்டினி, ஊசிக்கும் பட்டினி. உங்களுக்கு எதுக்கு அண்ணி சமையல்கட்டு?" மஞ்சுளா கேட்டது.

ஆவணி 25, புதன். வெயில். துணி காய்ந்தது.

பழைய நோட்டைப் புரட்டினேன். மாசி, பங்குனி, சனி சாயந்திரச் சர்க்கரை அளவு: 66, 61, 64. மற்ற நாள் 140க்கு மேல். ஊசி ஆரம்பித்ததே சித்திரையில்! விரதக் களைப்பு என்று அப்போது விட்டிருக்கிறேன். ஊசிக்கு முன்பிருந்தே போடும் சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாமல், வெறும் வயிற்றில். மருந்துக்கு விரதம் இல்லை என்று நினைப்பு.

ஆவணி 26, வியாழன்.

மத்திகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே கிளினிக் போனேன். டாக்டரம்மா நோட்டை இரண்டு தரம் பார்த்தார். தனக்குள் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு, "மாத்திரைதாம்மா. வீணா ஊசி மேல பழி போட்டோம். இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும்."

இந்தச் சனி மாத்திரை வேண்டாம். ஊசி ஞாயிறு. தலை சுற்றினால் விரதம் பார்க்காமல் சர்க்கரைத் தண்ணீர். சரியென்றேன்.

மஞ்சுளாவுக்கும் அதே மாத்திரைதான். சொன்னதும் தன் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

ஆவணி 28, சனி. காற்று.

விரதம். மதியம் 102. சாயந்திரம் 96. கை கல்லு மாதிரி. மலைக்கோயில் படி முழுக்க உட்காராமல் ஏறினேன். இவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மேலிருந்து பார்த்தால் கம்பெனி ஷெட்டெல்லாம் தீப்பெட்டி. கோவிந்தா.

டாக்டரம்மாவுக்கு போனில் அனுப்பியது, அப்படியே:

அம்மா, இன்று 96. நடுக்கம் இல்லை. வரும் சனி புரட்டாசி முதல் சனி. மாதம் முழுக்கச் சனிதோறும் இதே முறையில் விரதம் இருக்கலாமா? மஞ்சுளாவும் இருக்கணும் என்று நிற்கிறாள். அவளும் அன்று மாத்திரையை விடலாமா? வெள்ளிக்குள் பதில் சொல்லுங்கள்.